பதிலுக்கு ஒரு உறை

சங்கரன்கோவில்,
10-9-1979

அன்பு மகள் பாலம்மாளுக்கு,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். அறுபத்தாறு வயதில் உன் அம்மா கதை எழுதத் தொடங்கிவிட்டாள் என்று ஊரில் பேசுகிறார்கள். உன் நாத்தனார் வழியாக அந்தப் பேச்சு பிலாய் வரைக்கும் வந்திருக்கும். அது உண்மையல்ல. என் வாழ்நாளில் நான் ஒரு கதையும் எழுதியதில்லை. அச்சில் வந்திருப்பது நீ எழுதிய கதை.

நடந்தது இதுதான். ஆனி மாதம் மாடியறைத் தகரப் பெட்டியை வெயிலில் வைக்க எடுத்தபோது உன் நீல அட்டை நோட்டு கிடைத்தது. பாளையங்கோட்டையில் நீ பி.யூ.சி. படித்த வருஷத்து நோட்டு. அதில் 'தபசுக் கூட்டம்' என்ற கதை இருந்தது. அதே வாரம் கிளை நூலகத்துத் தாவீது ஓர் அறிவிப்பைக் காட்டினார். இதுவரை எதுவும் அச்சில் வராதவர்களின் முதல் கதைகளைத் திருநெல்வேலி மாதப் பத்திரிகை ஒன்று கேட்டிருந்தது. முக்கியமாக மாணவர்களுக்குத்தான், ஆனால் வயது வரம்பு போடவில்லை. தேர்வாகும் பன்னிரண்டு கதைகள் சிறப்பிதழில் வரும். பிறகு பாளையங்கோட்டையில் ஒரு கூட்டத்தில் எழுதியவர்களே வாசிக்க வேண்டும். தை மாதம் புத்தகமாகவும் போடுகிறார்கள்.

தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும் என்பது விதி. உன் நோட்டிலோ இரண்டு பக்கமும் பென்சில். ஆகவே நான் மையில் நகல் எடுத்து அனுப்பினேன். ஓரிரு இடங்களைச் செம்மை செய்தேன். பெயர் கதையின் மேல் இருக்கக் கூடாது, தனித்தாளில் எழுத வேண்டும் என்றிருந்தார்கள். அந்தத் தாளில் ஏதோ குழப்பமாகி, எழுதியவர் 'சுந்தரம்மாள் சுயம்புலிங்கம்' என்று அச்சிட்டுவிட்டார்கள்.

பால் ஊற்ற வரும் மூக்காண்டி, "ஆச்சி, அடுத்தது சினிமாவுக்கு வசனந்தான?" என்கிறான். எதிர்வீட்டுச் சங்கரம்மாள் வீடேறி வந்துவிட்டாள். "ஏக்கா, ஆடித் தபசு அன்னைக்கு ஊரே பருத்தியையும் வத்தலையும் அம்மன் சப்பரத்து மேல எறியுது. அந்த அம்மாக்காரி மட்டும் கொண்டுபோன பருத்தியைக் கைக்குள்ளயே பொத்திக்கிட்டு நிக்காளே! ஒங்க மாமியாரைத்தான எழுதியிருக்கிய? அப்படியே உரிச்சு வச்சிருக்கிய" என்றாள். நான் காபி கலக்க உள்ளே போய்விட்டேன்.

எழுதியது நீதான் என்று ஆசிரியருக்கு ஒரு வரி எழுதினால் புத்தகத்தில் பெயரைத் திருத்திவிடலாம். பத்திரிகையைத் தனியே அனுப்பியிருக்கிறேன். உனக்கு இது சந்தோஷமான செய்தி என்று நினைக்கிறேன். மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் அம்மா,
சுந்தரம்மாள்


பிலாய்,
20-9-1979

அன்புள்ள அம்மாவுக்கு,

பாலா எழுதுகிறேன். கடிதமும் பத்திரிகையும் ஒரே நாளில் வந்தன. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே.

கதையை முதலில் படித்தது உங்கள் மாப்பிள்ளைதான். "ஏட்டி, ஒங்க அம்மைக்குள்ள இவ்வளவு ஈரம் இருந்திருக்கே, நாம பாத்ததில்லையே!" என்று சிரித்தார். நான் வாங்கிப் படித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசிப் பத்தி நான் எழுதியதல்ல. என் கதையில் அந்த அம்மா கையைத் திறக்கவே இல்லை. பருத்தியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டுகிறாள். கதை அங்கே முடிகிறது. அச்சில் வந்ததில் அவள் கூட்டத்துக்குள் மகளைத் தேடிப்போய், அவள் உள்ளங்கையில் பருத்தியை வைக்கிறாள். நீங்கள் சொன்ன செம்மை இதுதானா அம்மா? இருபத்திரண்டு வருஷமாகியும் அந்தக் கதையின் கடைசி வரி எனக்கு மனப்பாடம். மறந்திருப்பேன் என்று நினைத்தீர்களா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இப்படிப்பட்ட போட்டிகளில் 'இது என் சொந்தக் கதை' என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். எனக்கு அது தெரியும், ஏனென்றால் நானும் போட்டிருக்கிறேன். 1957இல் மதுரை வாரப் பத்திரிகையின் மாணவர் பகுதிக்கு இதே கதையை அனுப்பினேன். விடுதிக்கு வரும் கடிதங்களை வார்டன் பிரித்துவிடுவார் என்று நம் வீட்டு முகவரி கொடுத்தேன். பதிலுக்கு, தபால்தலை ஒட்டி என் கையாலேயே முகவரி எழுதிய உறையும் வைத்தேன். அந்த மார்கழி விடுமுறை முழுவதும் பதினோரு மணிக்கு வாசலில் நின்றேன். "தபால்காரனுக்குக் காத்து நிற்பது குடும்பப் பெண்ணுக்கு அழகா?" என்று கேட்டீர்கள். நான் எழுதிய உறைகூடத் திரும்பி வரவில்லை. பதில் சொல்லக்கூட லாயக்கில்லாத கதை என்று முடிவு செய்துகொண்டேன். வீட்டில் வைத்துவிட்டுப் போன நோட்டையும் காணவில்லை, நானே எங்கோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த வைகாசியில் கல்யாணம். அதன் பிறகு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை.

இந்தத் தடவை உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டது யார்?

பாலா


சங்கரன்கோவில்,
28-9-1979

பாலாவுக்கு,

கையெழுத்துப் போட்டது நான். உன் கையெழுத்தை நான் போட்டால் கள்ளக் கையெழுத்து ஆகும், என் கையெழுத்தைப் போட்டால் நேர்மை என்று அந்த நேரம் பட்டது. 'இது என் சொந்தக் கதை' என்ற வரி மேலேயே இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் போட்டேன். பத்திரிகைக்காரர்கள் எதையும் குழப்பவில்லை.

நோட்டு ஆனி மாதம் கிடைத்தது என்று எழுதியதும் சரியல்ல. அது எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும். அங்கே வைத்தவளே நான்தான்.

உன் உறை திரும்பி வந்தது, பாலா. 1957 கார்த்திகைக் கடைசியில், நீ விடுமுறைக்கு வருவதற்குப் பத்து நாள் முன்பு. உன் கையெழுத்தில் நம் முகவரியைப் பார்த்து, நீதான் வீட்டுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய் என்று பிரித்தேன். கதையை ஏற்றுக்கொண்டதாக எழுதியிருந்தார்கள். தை மாதம் மதுரையில் மாணவ எழுத்தாளர் கூட்டம், அதில் நீ வந்து வாசிக்க வேண்டும் என்றும், சம்மதம் எழுதி அனுப்பினால்தான் அச்சில் போடுவோம் என்றும் இருந்தது. அப்படி என்ன எழுதியிருக்கிறாய் என்று உன் நோட்டைத் தேடி எடுத்துப் படித்தேன்.

பெண்பிள்ளையின் பெயர் பத்திரிகையில் வந்தால் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று உன் அப்பாவிடம் சொல்லலாம் என்று ஒரு காரணத்தைத் தயாராக வைத்திருந்தேன். சொல்ல வேண்டியே வரவில்லை. அவருக்குக் கடைசிவரை தெரியாது. உண்மைக் காரணமும் அது இல்லை. அந்த அம்மா யார் என்று முதல் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த மண்டபத்தில் நீ அதை வாசிப்பாய் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

நீ வாசலில் நின்ற அத்தனை நாளும் அந்த உறை மாடியில் இருந்தது. அதை இத்துடன் அனுப்புகிறேன். உன்னுடையது.

அம்மா


சங்கரன்கோவில்,
18-10-1979

அன்புள்ள பாலாவுக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்பதால் நானும் கேட்கவில்லை. இப்போது ஒரு காரியம் இருப்பதால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைக் கூட்டத்துக்குப் போனேன். தாவீது பஸ்ஸில் துணைக்கு வந்தார். வாசித்தவர்கள் பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் கல்லூரிப் பிள்ளைகள். இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து வந்த பெத்துராஜ் என்ற பையனுக்குத் தாள் அப்படி நடுங்கியது, எனக்கே அதைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. என்னைக் கூப்பிடும்போது தலைமை தாங்கியவர், "அடுத்து, நம்ம மூத்த மாணவி!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் பத்திரிகையைக் கொண்டுபோகவில்லை. உன் நோட்டிலிருந்து வாசித்தேன், இழுப்பறையைப் பூட்டுவது வரைக்கும். அந்த வரியை வாசிக்கும்போது என் குரல் சரியாக இருந்தது என்று தாவீது சொன்னார். பிறகு சொன்னேன்: "இதை எழுதியவர் என் மகள் பாலம்மாள். எழுதியபோது வயது பதினேழு. அச்சில் வந்த கடைசிப் பத்தியை நான் சேர்த்தேன். அப்படி ஒன்று நடக்கவில்லை."

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "அப்போ அந்த அம்மா நீங்கதானா?" என்று கேட்டாள். பக்கத்திலிருந்தவள் அவள் தாவணியைப் பிடித்து, "உக்காருட்டி" என்று இழுத்தாள்.

"ஆமாம், நான்தான்" என்றேன்.

ஆசிரியர் குருசாமிக்குக் கோபம். "அம்மா, முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? இத்தன பேரு முன்னால எங்களுக்கில்லா தலைகுனிவு" என்றார். அவர் சொன்னது நியாயம். மன்னிப்பை எழுதிக் கொடுத்தேன். அடுத்த இதழில் போடுகிறார்கள். சங்கரம்மாள் இனி வீடேறி வருவாளோ என்னவோ.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இது சமாதானத்துக்குச் சொல்வதல்ல. அன்று நான் ஏன் எறியவில்லை என்று உன் கதையில் வரும் மகளுக்குத் தெரியாது, அவள் கேட்கவும் இல்லை. எனக்கு எறிய வராது, பாலா. கான்வென்டில் பந்து எறியச் சொன்னபோது அது எனக்குப் பின்னால் விழுந்தது. சிஸ்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு சரியாக வராத எதையும் நான் நாலு பேர் பார்க்கச் செய்ததில்லை. பருத்தி சப்பரத்தில் விழாமல் யார் தலையிலாவது விழும் என்று கைக்குள்ளேயே வைத்திருந்தேன். அவ்வளவுதான். ஆனால் நீ பார்த்தது மூடிய கையைத்தான், அதை அப்படியே எழுதினாய். ஒரு வார்த்தையும் தப்பில்லை. திருத்தியது என் தப்பு.

இனி காரியம். புத்தகத்தில் உன் பெயரோடும் உன் முடிவோடும் கதையைப் போட ஆசிரியர் சம்மதித்துவிட்டார். எழுதியவரின் கையெழுத்திட்ட சம்மதம் நவம்பர் பத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் அந்த இடத்தில் சிவகிரி மாணவி ஒருத்தியின் கதையைப் போடுவார்கள். அவள் கதையையும் எனக்குக் காட்டினார்கள். நன்றாகவே இருக்கிறது. ஆகவே நீ வேண்டாம் என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. வேண்டும் என்றால் அது எனக்காக இருக்கக் கூடாது. உறுதிமொழித் தாள் இத்துடன் இருக்கிறது. கையெழுத்து இடம் காலியாக விட்டிருக்கிறேன்.

நோட்டைப் பதிவுத் தபாலில் தனியே அனுப்பியிருக்கிறேன். பின்பக்கம் பதினாறு தாள் வெறுமையாக இருக்கிறது.

தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

தபால்தலை ஒட்டிய உறை ஒன்றும் வைத்திருக்கிறேன். அதில் நம் முகவரியை என் கையால் எழுதியிருக்கிறேன். இங்கே இப்போதும் பதினோரு மணிக்குத்தான் தபால் வருகிறது. நான் வாசலில் நிற்பேன். சம்மதம் என்றோ, இல்லை என்றோ, எதுவானாலும் எழுத்தில் பதில் அனுப்பு.

அம்மா,
சுந்தரம்மாள்