வளையத்துக்குள் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பந்தய நாளிலும் வழி வேண்டி

அனுப்புநர்:
மறைந்த தீயணைப்பு வண்டி ஓட்டுநரின் மனைவி (சலவைத் தொழில்),
பழைய தீயணைப்பு நிலையக் குடியிருப்பு,
முன்னாள் விமானத்தளம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: மோட்டார் பந்தயத்தின்போது வழியின்றி என் கணவர் இறந்தது – அடுத்த பந்தயத்துக்கு முன் ஏற்பாடு கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

போர்க்காலத்தில் என் கணவர் இந்த விமானத்தளத்தில் தீயணைப்பு வண்டி ஓட்டினார். நான் விமானிகளின் உடுப்புகளை வெளுத்துத் தேய்த்துக் கொடுத்தேன். போர் முடிந்து தளத்தைக் காலி செய்தபோது, நிலையத்தை ஒட்டிய இரண்டு அறைகளில் நாங்கள் இருந்துகொள்ளலாம் என்று படையினர் அனுமதித்துவிட்டுப் போனார்கள். ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் என் கொழுந்தனும் அவர் மனைவியும் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

இப்போது மோட்டார் சங்கத்தார் ஓடுதளத்தையும் அதைச் சுற்றியுள்ள தார்ச்சாலையையும் இணைத்து, திருப்பங்களில் வைக்கோல் கட்டுகளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் அடுக்கி, பந்தயப் பாதை ஆக்கியிருக்கிறார்கள். எங்கள் வீடு அந்த வளையத்துக்கு உள்ளே அகப்பட்டுவிட்டது. வெளிவாசலுக்குப் போக ஓடுதளத்தைக் கடந்தாக வேண்டும். வேறு வழி கிடையாது. பந்தய நாளில் அந்த இடத்தில் கயிறு கட்டிவிடுவார்கள்.

என் கணவருக்குப் பந்தயம் என்றால் உயிர் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விமானங்கள் போன பிறகு காது சும்மா கிடக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தவர். சென்ற பந்தயத்தன்று காலையிலேயே முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பெரிய பந்தயம் தொடங்கிச் சிறிது நேரத்தில் உள்ளே வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. சட்டை முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது.

நானும் கொழுந்தனும் அவரை என் சலவை வண்டியில் படுக்க வைத்துக் கயிறு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம். ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நின்றது. அதன் ஓட்டுநர் கதவில் சாய்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தது கூட எனக்குத் தெரிந்தது. நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. நடுவே கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன.

கயிற்றருகே கொடி காட்டிக்கொண்டிருந்தவர் பள்ளிக்கூடத்து ஓவிய வாத்தியார். அவர் மீது எனக்குப் புகார் ஏதும் இல்லை. "அம்மா, என் கையில மஞ்சக் கொடிதான் இருக்கு. நிறுத்துற சிவப்புக் கொடி கட்டுப்பாட்டுக் கோபுரத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டு உடனே பக்கத்தில் வைத்திருந்த தொலைபேசியின் கைப்பிடியைச் சுழற்றினார். பந்தயத் தலைவர் உத்தரவில்லாமல் நிறுத்த முடியாது என்று பதில் வந்தது. தலைவர் விருந்தினர்களோடு சாப்பிடப் போயிருந்தார். வாத்தியார் மறுபடியும் மறுபடியும் சுழற்றினார். பிறகு அவருக்கே அழுகை வந்துவிட்டது.

அதைப் பார்த்துத்தான் என் கணவர், "விடுங்க தம்பி, அவங்க ஓட்டி முடிக்கட்டும். எவ்வளவு தூரத்துல இருந்தெல்லாம் வந்திருக்காங்க" என்றார். அதன்பின் அவர் பேசவில்லை. அவர் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். முதல் கார் வந்து சேர்ந்து கைதட்டல் எழுந்தபோது அந்தக் கை சில்லிட்டிருந்தது. கயிற்றை அவிழ்த்த பிறகும் வழி கிடைக்கவில்லை. ஜெயித்தவரைத் தூக்குவதற்காகக் கூட்டம் ஓடுதளத்தில் இறங்கிவிட்டது.

முன்னரே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். எனவே பந்தயத்தால்தான் செத்தார் என்று நான் சாதிக்கவில்லை. சொல்ல முடியாத அந்த இடத்தில்தான் அன்றிலிருந்து நின்றுகொண்டிருக்கிறேன்.

காவல் நிலையத்தில், அது பொதுச்சாலை அல்ல என்றார்கள். தளத்தின் பொறுப்பு அலுவலகத்தில், வாடகைக்கு விட்ட பிறகு எல்லாம் சங்கத்தின் பாடு என்றார்கள். சங்கச் செயலாளர் மரியாதையாக நாற்காலி கொடுத்து உட்கார வைத்து, "அவரே முடிக்கட்டும்னுதானே சொன்னாராம்?" என்று கேட்டார். ஐயா, அது சம்மதம் அல்ல. வீட்டில் சோறு குறைந்தாலும் பசியில்லை என்று எழுந்துவிடுகிறவர் அவர். தனக்காக யாரையும் எதையும் நிறுத்தச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. தளத்தில் எல்லோரும் அவரைத் 'தண்ணி அண்ணன்' என்று அழைத்ததைக் கேட்டுவிட்டு, அவர் குடித்திருந்தாரா என்றும் செயலாளர் விசாரித்தார். அது தண்ணீர் நிரப்பிய தீயணைப்பு வண்டியை ஓட்டியதால் வந்த பெயர். அவர் டீ குடிப்பதற்கே யோசிப்பவர். நான் எழுந்து வரும்போது, அடுத்த பந்தயத்துக்கு மேடையருகில் எனக்கு ஓர் இருக்கை ஒதுக்குவதாகச் செயலாளர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

அடுத்த பந்தயத்துக்கு இப்போது சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள். என் ஓரகத்திக்கு இது நிறைமாதம். அந்த வாரத்தில் வலி எடுக்கலாம் என்று மருத்துவச்சி சொல்லியிருக்கிறார். பந்தயத்தைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்டாலும் நடக்காது என்று தெரியும். நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒருவர் அன்று முழுவதும் எங்கள் பக்கம் நிற்க வேண்டும் என்று மட்டும் தாங்கள் உத்தரவிடக் கோருகிறேன்.

அதற்கும் வகையில்லை என்றால், இல்லை என்றாவது முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். அவளை முதல் நாளே வெளியே எங்காவது கொண்டுபோய்த் தங்க வைத்துவிடுகிறோம். எங்கே என்பதுதான் எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
தண்ணி அண்ணன் மனைவி

நாள்: 11.8.1949
இடம்: முன்னாள் விமானத்தளம், வளையத்தின் உட்புறம்