தம்பி மயங்கிக் கிடந்த நேரம்

எங்களைத் திட்டித் திட்டியே வளர்த்து, திட்டுச் சத்தம் நின்றதும் வீட்டையே வெறிச்சோட வைத்துவிட்டுப் போன அம்மாவுக்கு,

தம்பி ஜூட்டை விமானம் ஓட்ட வேண்டாமென்று நிறுத்தி வைத்து ஏழு மாதமாகிறது. நீங்கள் இருந்திருந்தால் இதை உங்களிடம் மறைக்கத்தான் பார்த்திருப்போம். இப்போது மறைக்கத் தேவையில்லை. சொல்லவும் உங்களைத் தவிர எனக்கு ஆளில்லை.

லீவில் வந்து நின்றவன் மாங்குளம் சந்தியில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. எதற்கும் தலையையும் பார்ப்போமென்று ஸ்கேன் எடுத்தவர்கள், வலது காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஓர் இரும்புத் துண்டு கிடக்கிறது என்றார்கள். பழையது, பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார்கள். உங்களுக்கும் எனக்கும் என்றால் பயமில்லைதான். சரக்கு விமானம் ஓட்டுகிறவனுக்கு அது போதாதாம். ஞாபகம், கவனம், யோசிக்கிற வேகம் எல்லாவற்றையும் ஒரு டொக்டர் சோதித்து எழுதிக் கொடுக்கும்வரை அவன் விமானத்தில் ஏற முடியாது.

அந்தத் துண்டு எப்போது உள்ளே போனதென்று எனக்குத் தெரியாதா? அவனுக்கு அப்போது எட்டு வயது. சண்டையின் கடைசி நாட்களில் பதுங்குகுழி வாசலில் செல் குண்டு விழுந்தது. பிறகு செட்டிகுளம் முகாமில், தலையில் என்ன காயமென்று கேட்ட எல்லோரிடமும் நீங்கள், "பாலைப்பழம் ஆயப் போய் மரத்தால விழுந்தவன்" என்றீர்கள். காயக்காரரை ஆமிக்காரர் தனியாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள், போன பிள்ளைகளைத் தேடித் தாய்மார் அலைகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தீர்கள். என்னையும் செபமாலையில் கை வைக்கச் சொல்லி அதையே சொல்ல வைத்தீர்கள். கேட்டுக் கேட்டு அவனும் அதையே நம்பிவிட்டான்.

அந்தப் பொய்தான் அவனை நம்மோடு வைத்திருந்தது. நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை எந்த இடத்தில் நிறுத்த வேண்டுமென்று நீங்கள் சொல்லித் தரவில்லையே அம்மா.

அவன் விமானம் ஓட்டப் படிக்கப் போனபோது மருத்துவப் படிவத்தை நிரப்பியது நான்தான். தபால் கந்தோரில் இருந்துகொண்டு ஊர்ச் சனத்துக்கெல்லாம் படிவம் நிரப்புகிற கை. தலையில் அடிபட்டு எப்போதாவது நினைவிழந்ததுண்டா என்ற கேள்வி வந்தது. அவனைக் கேட்காமலே 'இல்லை' என்று போட்டேன். அது பொய்யென்றுகூட அன்று எனக்குப் படவில்லை. கை கால் போனால்தான் நமக்குக் காயம். மயங்கி எழும்பியதை எல்லாம் நம்மில் யார் காயமென்று சொன்னோம்?

கொழும்பில் சோதனை ஒரு முழுநாள். இலக்கங்களைக் கேட்டுப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். ஒரு படத்தைப் பார்த்துக் கீறி, அரை மணித்தியாலம் கழித்துப் பார்க்காமல் கீற வேண்டும். மத்தியானம் சாப்பாட்டுக்கு வெளியே வந்தவன், "ஒரு நிமிசத்துக்குள்ள தெரிஞ்ச மிருகமெல்லாம் சொல்லச் சொல்லி டொக்டர் கேட்டவா, அக்கா. நாய், மாடு முடிய வாயில மீன்தான் வந்தது. சூடை, பாரை, திருக்கை எண்டு நிப்பாட்டேலாமப் போச்சு" என்று சிரித்தான். சோற்றைப் பிசைந்தானே தவிரச் சாப்பிடவில்லை.

பிறகு குரலைத் தாழ்த்தினான். "பின்னேரம் உன்னைக் கூப்பிடுவினம். எவ்வளவு நேரம் நினைவில்லாமக் கிடந்தனான் எண்டு கேப்பினம். பத்து நிமிசம் எண்டு சொல்லு, என்ன? கூட நேரமெண்டா கஷ்டமாம்."

அவனுக்கு உண்மை தெரியாது. ஸ்கேன் எடுத்த பிறகு செல் விழுந்ததைச் சொன்னேனே தவிர, எவ்வளவு நேரமென்று சொல்லவில்லை. "கொஞ்ச நேரம்" என்று மழுப்பிவிட்டேன். எனக்குக் களைத்துப் போயிற்று அம்மா. ஒரே கதையை இத்தனை வருடம் சுமந்த களைப்பு.

டொக்டர் சாந்தமான பெண். "உங்கட தம்பி நல்லாச் செய்திருக்கிறார். ஆனா அடிபட்ட நேரம் நடந்ததும் எனக்குத் தெரியவேணும். நீங்கள் பக்கத்தில இருந்தனீங்களோ?" என்று கேட்டா.

"ஓம்."

"எவ்வளவு நேரத்தால கண் முழிச்சவர்?"

பத்து நிமிடம் என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. நடுக்கடலுக்கு மேலே அவனுக்கு ஏதாவது ஆனால், நான் எந்த மரத்தைக் கைகாட்டுவது? "மத்தியானம் விழுந்தவன். அடுத்த நாள் பொழுதுபடத்தான் கண் முழிச்சவன்" என்றேன். முன்பு படிவத்தில் 'இல்லை' என்று போட்டது நான்தானென்றும் சொன்னேன். அவ நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு எழுதினா.

வெளியே வந்ததும், "பத்து நிமிசம் எண்டு சொன்னனியே?" என்றான்.

"இல்லை. ஒரு நாளுக்கு மேல எண்டு சொன்னனான். அதுதான் உண்மை."

"உனக்கென்ன விசரே?" என்று கத்தினான். நடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவன் குரல் மாறியது. "ஒரு நாளோ? அப்ப என்னை ஆர் கொண்டு வந்தது?"

"அம்மாதான். உயிர் போட்டுது, விட்டிட்டு வாங்கோ எண்டு சனம் சொன்னது. அவா கேக்கேல்லை. உன்னைத் தோளில போட்டுக்கொண்டு, அக்கரைக்கு வரக் கடலேரியில இடுப்பளவு தண்ணிக்குள்ளால நடந்தவா. நாலடிக்கு ஒருக்கா நிண்டு உன்ர மூக்குக்குக் கீழ விரலை வைச்சுப் பாப்பா."

அவன் கதிரையில் இருந்துவிட்டான். "எனக்கு அம்மா ஒருநாளும் சொல்லேல்லையே அக்கா" என்று அழுதான். உங்கள் செத்தவீட்டில் சாமான் எடுக்கவும் ஆட்களைக் கவனிக்கவும் ஓடித் திரிந்து, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன் அவன்.

முடிவு போன கிழமை வந்தது. இப்போதைக்கு அனுமதி இல்லை, ஒரு வருடம் கழித்துத் திரும்பச் சோதிப்பார்களாம். அவன் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் குசினி வாசலில் வந்து நின்று, "தண்ணி முடிஞ்சு கரைக்கு வந்தாப் பிறகும் என்னை இறக்கேல்லையோ?" என்று கேட்டான். நான் அடுப்பை அணைத்துவிட்டு, வாசற்படியில் அவனையும் பக்கத்தில் இருத்திச் சொல்லத் தொடங்கினேன்.

உங்கள் வாக்கை மீறிவிட்டேன், கோபியுங்கள். அவன் திரும்பப் பறப்பானோ தெரியாது. ஆனால் நீங்கள் அவனைச் சுமந்த தூரத்தை இனி அவனிடம் மறைக்க மாட்டேன். எத்தனை தரம் கேட்டாலும் ஓர் அடி குறைக்காமல் சொல்வேன்.

பின்னால் உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த
உங்கள் மூத்தவள்