தங்கக் கோடு போடாத கிண்ணம்

என் பிரியத்துக்குரிய அத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் எப்போதும் நீங்கள்தான் முந்திக்கொண்டு ஸலாம் சொல்வீர்கள். இன்று நான் முந்திவிட்டேன். பதில் வராது என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

நீங்கள் கடைசியாகக் கார்கோவில் போட்ட பெட்டி, உங்கள் மவுத்துச் செய்தி வந்த பிறகுதான் நம் ஊர் லெப்பைக்குடிக்காட்டுக்கு வந்து சேர்ந்தது. "மைக்ரோவேவ் ஓவன் வருது. நான் லீவுல வந்துதான் பிரிப்பேன், யாரும் கை வெக்காதீங்க" என்று சொல்லியிருந்தீர்கள். நீங்கள் வேலை பார்த்த வளைகுடா ஊரிலேயே உங்களை அடக்கம் செய்துவிட்டார்கள். பெட்டியை யார் பிரிப்பது? அம்மா அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூலையில் வைத்துவிட்டாள்.

போன மழைக்காலத்தில் அம்மாவுக்கு வலது கை இழுத்துக்கொண்டது. நடக்கிறாள், பேச்சும் தெளிவாக இருக்கிறது. கைதான் எதையும் பிடித்து நிறுத்த மாட்டேன் என்கிறது. நான் காலையில் வேலைக்குப் பெரம்பலூர் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவேன். தம்பியும் வெளியூரில் வேலையில் இருக்கிறான். ஒரு மதியம் அடுப்பிலிருந்து இறக்கிய ரசம் நழுவி, பாதமெல்லாம் கொப்புளம். அதற்குப் பிறகு அவளை அடுப்புப் பற்ற வைக்க நான் விடவில்லை. காலையில் நான் ஆக்கி வைப்பது மதியத்துக்குள் ஆறிவிடும். பாதி சாப்பிட்டு மூடி வைத்துவிடுவாள். ஆள் இளைத்துக்கொண்டே வந்தாள். அதனால்தான் அத்தா, உங்கள் பெட்டியை நான் பிரித்தேன்.

பிரித்த பிறகுதான் தெரிந்தது, அதற்குள் வைக்க நம் வீட்டில் ஒரு பாத்திரமும் இல்லை. எவர்சில்வர் கூடாது என்பது எனக்குத் தெரியும். அம்மா ஷோகேஸைத் திறந்தாள். ஒவ்வொரு லீவுக்கும் நீங்கள் துணி சுற்றிக் கொண்டுவந்த பீங்கான் கோப்பைகள், விளிம்பில் தங்கக் கோடு போட்டவை. ஒன்றில் டீயை ஊற்றி வைத்தாள். உள்ளே படபடவென்று பொறி பறந்தது.

"யா அல்லா! நிறுத்துடி, உங்கத்தா அனுப்புன பெட்டி பத்திக்கிச்சு!"

அந்தத் தங்கக் கோடும் உலோகம்தான் என்று அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. அடுத்த நாள் ரோஜாப்பூ போட்ட மெலமைன் தட்டு. சோறு சில்லென்று இருந்தது, தட்டுதான் சுட்டது. ஏதோ ஒரு வாடையும் வந்தது. மெலமைனை ஓவனுக்குள் வைக்கவே கூடாது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் சோற்றைக் கொட்டினோம்.

"அவரு ஆசையா வாங்குனது எதுவுமே இதுக்கு ஆவாதுன்னா, எனக்கு எதுக்கு இது? மூடி வை. ஆறுன சோறே போதும்."

அந்த வாரம்தான் உங்களோடு ஒரே அறையில் இருந்த காதர் மாமா லீவில் வந்தார். நடந்ததைச் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார்.

"உங்கத்தா வெச்சிருந்தது ஒரே ஒரு கண்ணாடிக் கிண்ணம்மா. சூடு தாங்கும். பூவும் கெடயாது, கோடும் கெடயாது. வேல விட்டு வந்து, காலையில ஆக்குன கொழம்ப அதுலதான் சுட வெப்பாரு. வூட்டுக்கு மட்டும் தங்கக் கோடு, ஒனக்கு மொட்டக் கிண்ணமாய்யான்னு கிண்டல் பண்ணுவோம்."

"என்ன சொல்வாரு?" என்றாள் அம்மா.

"தங்கமெல்லாம் எம் பொண்டாட்டிக்குய்யாம்பாரு."

அம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இத்தனை வருடம் போனில் "சாப்ட்டீங்களா அத்தா" என்று கேட்டிருக்கிறோம். "ஆச்சும்மா" என்பீர்கள். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும். எதில் சாப்பிட்டீர்கள், யாரோடு, சூடாகவா ஆறிப்போயா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா? உங்கள் இரவுச் சாப்பாடு எப்படியிருந்தது என்பதை ஒரு விருந்தாளி சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது.

பெரம்பலூரில் பாத்திரக் கடைக்குப் போனேன்.

"கோல்டு லைன் போட்டது புதுசா வந்திருக்கு தங்கச்சி, பாருங்க."

"வேணாண்ணே. ஒண்ணுமே போடாததா குடுங்க."

"சீருக்கு வெச்சா எடுப்பா இருக்காதுங்களே."

"எங்கம்மா சாப்பிடறதுக்குண்ணே."

ஓவனில் வைக்கலாம் என்ற குறி அடியில் இருக்கிறதா என்று பார்த்து, கைப்பிடி வைத்த சின்னக் கிண்ணங்கள் இரண்டு வாங்கினேன். ஒன்றில் தண்ணீர் ஊற்றி, மற்றதை வெறுமனே பக்கத்தில் வைத்து ஓவனை ஓட்டினேன். தண்ணீர் சுட்டது. வெறும் கிண்ணத்தை அம்மா இடது கையால் தொட்டுப் பார்த்தாள். "இது சில்லுனுதான்டி இருக்கு" என்றாள். நம்பியதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் மதியம் ஆபீசுக்குப் போன் வந்தது.

"ஏ புள்ள, நாக்கச் சுட்டுக்கிட்டேன்டி!"

"கிண்டிவிட்டுச் சாப்பிடச் சொன்னேன்ல? முழுசா சாப்ட்டியாம்மா?"

"கிண்ணத்த வழிச்சாச்சு. போன வை, வேலயப் பாரு."

உங்களிடம் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. தம்பிக்கு விசா வந்துவிட்டது. நீங்கள் இருந்த அதே ஊர்தான். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன் அத்தா. அவன் "ஆச்சு" என்று சொன்னால் நான் அதோடு விடமாட்டேன். என்ன சாப்பிட்டான், எதில் சாப்பிட்டான், சுடச்சுடத்தானா என்று, அவன் சலித்துக்கொண்டு முழுவதையும் சொல்லும் வரைக்கும் கேட்பேன்.

இப்படிக்கு,
உங்களைக் கேட்கத் தெரியாமல் இருந்துவிட்ட
உங்கள் மகள்