உன் பெயரில் வேலைக்குப் போனவள்

தியோலோ,
ஞாயிறு மதியம்

என் மகள் ததாலாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி எழுதினால் முதல் வரியே பொய்யாகிவிடும். நானும் உன் தம்பியும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்று காலை ஆராதனையில் கேட்டுக்கொண்டேன். ஜோஹன்னஸ்பர்க்கில் குளிர் இறங்கிவிட்டதாக பஸ் ஓட்டும் சாமுவேல் சொன்னார், கம்பளி வாங்கினாயா, பழையதைப் போட்டுச் சமாளிக்காதே. புயல் மழையில் விழுந்த சமையல்கட்டுச் சுவரை மறுபடி எழுப்பியாயிற்று. கொல்லையில் துவரை பூத்திருக்கிறது. கோழிகளுக்கு நோய் வந்து நான்குதான் மிச்சம். போனில் ஏன் இப்போதெல்லாம் சீக்கிரம் வைத்துவிடுகிறாய் என்று போன வாரம் கேட்டாய், காசு தீர்ந்துவிட்டது என்றேன். காசு இருந்தது, வாய்தான் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் நீ பாஸ்போர்ட்டோடு அங்கே கிளம்பியபோது உன் அடையாள அட்டை தொலைந்துவிடக் கூடாது என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். அதை நான் ஜனவரியில் உன் சித்தி மலீதாவின் மகள் எனெலேசியிடம் கொடுத்தேன். மலீதா வீட்டில் சோளம் டிசம்பரிலேயே தீர்ந்துவிட்டது, பெண்ணும் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கச் சேர்த்துவிடு அக்கா, உன் ஆபீஸ்தானே என்று மலீதா வந்து உட்கார்ந்துவிட்டாள். எனெலேசிக்குப் பதினைந்து வயது. பதினான்குக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது, பதினான்குக்கு மேல் பதினெட்டு வரை லேசான வேலைதான் தரலாம், அவர்கள் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும், இயந்திரத்தின் பக்கமோ மருந்து அடிக்கவோ விடக் கூடாது. இதையெல்லாம் ஒவ்வொரு பருவமும் தோட்ட வாசலில் நின்று நம் பாஷையில் வாசித்துக் காட்டுகிறவள் நான்தான். எங்கள் தோட்டத்தில் வம்பே வேண்டாம் என்று பதினெட்டு நிறையாதவர்களுக்கு வேலையே இல்லை என்று பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையில் இருப்பது என் கையெழுத்து.

அப்படியிருந்தும் கொடுத்தேன். அக்கா தங்கை பிள்ளைகள் நமக்கு ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தானே, உன் துணியை அவள் கட்டிக்கொண்டால் யாரும் கேட்பதில்லை, அட்டையும் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படத்தில் இருக்கும் முகமும் அவள் முகம் போலவே இருந்தது. ஆள் எடுக்கும் வரிசையில் வந்து நின்றவளிடம் பெயர் என்ன என்று யாரிடமும் கேட்பது போலக் கேட்டேன். ததாலா என்றாள். எழுதிக்கொண்டேன். கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. இருபது வயசுக்காரியாம், செடிக்கு மேல தலையக் காணோமே, கூடைக்குள்ள உக்காந்து வேலைக்கு வர்றாளா என்று என் ஜன்னலுக்கு வெளியே நின்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், மகளே. அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

மார்ச்சில் தொழிற்சாலைக்கு ஆள் பற்றவில்லை. கங்காணி பட்டியலைப் பார்த்தான், இருபது வயது என்று இருந்தது, அவளை உள்ளே மாற்றிவிட்டான். அவன் மேல் தப்பில்லை. அவள் தன் சொந்த வயதோடு வந்திருந்தால் அந்தக் கதவுக்குள் கால் வைத்திருக்க முடியாது. பட்டியல் என் மேசை வழியாகத்தான் போனது. நான் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்ற பயம். மூன்று வாரத்துக்கு முன் இலை அரைக்கும் உருளையில் அவள் வலது கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் பெயரைத்தான் எழுதி வைத்தார்கள். நர்ஸ் ததாலா ததாலா என்று கூப்பிடுவாள், அவள் திரும்ப மாட்டாள். பயத்துல காது அடைச்சுப் போச்சு பாவம் என்று நர்ஸ் என்னிடமே சொன்னாள். உன் மாமா பிஸ்விக் வந்து, எதையும் கிளறாதே, இழப்பீடு ததாலா பேர்ல வரட்டும், அவ ஒரு தடவ வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக் குடுத்துட்டுப் போகட்டும் என்றார். ததாலாவுக்குப் பத்து விரலும் இருக்கே அண்ணா, அத எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது என்று மலீதா கேட்டாள். மாமா என் பக்கம் திரும்பி, படிச்சவளாச்சே நீ, ஊருக்கே சட்டம் வாசிக்கிறவ, ஒரு பேச்ச வாயிலேயே வெச்சுக்க மட்டும் படிக்கலையா என்றார். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவரும் அவர்தான். அவர் போனதும் எனெலேசி என்னைக் கிட்டே கூப்பிட்டு, பெரியம்மா, யாராவது கேட்டா நானே அட்டைய எடுத்துட்டுப் போனேன்னு சொல்லிடுறேன், உங்க வேலை போயிடக் கூடாது என்றாள். பதினைந்து வயதுப் பிள்ளை, கட்டுப்போட்ட கையோடு, என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள்.

வெள்ளிக்கிழமை நான் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அங்கே இருந்த அதிகாரி சின்னப் பையன், என் பேச்சை எழுதுவதை நடுவில் நிறுத்திவிட்டு, வாசல்ல சட்டம் வாசிக்கிற அம்மா நீங்கதானே என்று கேட்டான். தலையைத்தான் ஆட்டினேன். தோட்டத்தில் மேலாளருக்கு இதில் மகிழ்ச்சி இல்லை. கார்டு சரியா இருக்கு, ஃபைலும் சரியா இருக்கு, காயம் பட்டது இருபது வயசுப் பொண்ணுதான், நீங்க ரெண்டு வாரம் வீட்டுல ஓய்வெடுங்க என்றார். இயந்திரத்தில் விரல்களை இழந்தது சிறுமி என்று ஆனால் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும், அதனால் அவள் நீயாகவே இருப்பது அவர்களுக்கு வசதி. என் வாய்ச்சொல்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று அதிகாரியும் சொல்லிவிட்டான். நிஜ ததாலா அந்த மாதங்களில் இந்த நாட்டிலேயே இல்லை என்பதற்கு உன் பாஸ்போர்ட்டில் இருக்கும் எல்லை முத்திரை ஒன்றுதான் சாட்சி. அது வராவிட்டால் எனெலேசியின் காயம் அவளுடையதாக எங்கும் எழுதப்படாது, நீ இரண்டு விரல் இல்லாதவளாகப் பதிவாகிவிடுவாய்.

அதனால் உன்னைக் கேட்கிறேன், கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று தெரிந்தே கேட்கிறேன். உன் படம் இருக்கும் பக்கத்தையும் முத்திரை இருக்கும் பக்கத்தையும் பிரதி எடுத்து, இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் சாமுவேல் கையிலேயே கொடு. வியாழக்கிழமை அவர் அங்கிருந்து கிளம்புகிறார். என் போனில் படம் வராது; மாமாவின் போனுக்கு அனுப்பாதே, அது என்னிடம் வந்து சேராது. இதனால் என் வேலை போகும், வழக்கும் வரலாம். அதை நினைத்து நீ கையை இழுத்துக்கொள்ளக் கூடாது. தம்பியின் பள்ளிக்கு ஏதாவது வழி பார்த்துக்கொள்கிறேன், சந்தையில் தக்காளி விற்க எனக்குத் தெரியும். உன்னைக் கேட்காமல் உன் பெயரை எடுத்துக் கொடுத்தேன், கோபம் வரும், வரட்டும். கோபத்தோடேயே அனுப்பு.

நீ போகிற வழியெல்லாம் நல்ல மனிதர்கள் எதிர்ப்படட்டும், உன் கைகள் இரண்டும் பத்திரமாக இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. முத்திரையின் தேதி தெளிவாகத் தெரிகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுக் கொடு.

உன் அம்மா,
லிதியா