எழுத்து மண்டபத்துக்கு இழுத்து வரப்பட்ட இளையோர் குறித்து

கடல்சூழ் ஏழ்துறை நாடாளும் வெண்காந்தள் மாதேவியாகிய யாம், தலைநகர் பொன்மதிலூரில் எழுத்து மண்டபத்தை நடத்தும் ஓலைநாயகம் பெருஞ்சாத்தனார்க்கு விடுக்கும் ஓலை. நகரும் நகரத்தாரும் நலமுறுக, மாரி பொய்யாதிருக்க, உமக்கு நீண்ட ஆயுளும், அதனினும் தேவையான சிறிது விவேகமும் வாய்க்க.

சங்கலைத்துறையில் இவ்வாண்டு பணியேற்ற மொழிபெயர்ப்பாளர் நல்லினி, தன் இல்லத்திலிருந்தே தீவு வேந்தரின் ஓலைகளைத் தமிழாக்கி வந்தாள். ஐயம் எழுந்தால் துறையில் இறங்கும் தீவு மாலுமிகளைக் கேட்டுத் தெளிந்தாள். எழுதியதை அஞ்சற்குதிரையில் உம் மண்டபத்துக்கு அனுப்பினாள். அவள் தமிழ்நடையில் அங்குள்ள மூத்தோர் இட்ட திருத்தங்களை ஆற அமரப் படித்து, மறுமுறை அப்பிழை நேராமல் பார்த்துக்கொண்டாள். பெற்றோர் அருகிருக்க, எவர் முகத்துக்கும் அஞ்சாமல் வினவித் தொழில் கற்றாள். இதில் நீர் என்ன குறை கண்டீர்?

கண்ணில் படாத இளையோர் உறங்கிவிடுவர் என்றும், மூத்தோர் அருகிருந்தாலன்றித் தொழில் படியாது என்றும் கூறி அவளைத் தலைநகருக்கு வரவழைத்தீராம். மூத்தோர் எழும்வரை இளையோர் எழலாகாது என்பது உம் மண்டபத்து வழக்கம். உண்ட மயக்கத்தில் மூத்தோர் தூணில் சாய்ந்து குறட்டை விடுவதும், எழுப்ப அஞ்சி இளையோர் அசையாதிருப்பதும் எம் செவிக்கு எட்டாதென எண்ணினீரோ? அங்கே அவள் புதிதாய்க் கற்றது, உட்கார்ந்தபடியே கண்ணயரும் வித்தை ஒன்றுதான்.

இன்னும் கேளும். அவளையன்றித் தீவு மொழி அறிந்தோர் தலைநகரில் ஒருவருமில்லை. ஆகையால் அவளுக்கு ஐயம் எழும்போதெல்லாம், மாலுமிகளைக் கேட்டுவர, அவளை எங்கிருந்து அழைத்தீரோ அதே துறைக்குக் குதிரைவீரனை ஓட்டுகிறீர்! அரசர் தலையில் அடித்துக்கொள்ளும் மரபில்லை, யாம் அடித்துக்கொண்டோம்.

உடன்படிக்கைக்கு மறுமொழி வேண்டிக் காத்திருக்கும் தீவின் தூதர், காற்றுத் திரும்பியதும் பாய்விரித்துப் போய்விடுவார். நல்லினியோ பணி துறக்க எம்மிடம் விடை வேண்டியிருக்கிறாள். அவள் போனால் அம்மொழியில் ஒரு வரி எழுத நம் நாட்டில் ஆளில்லை. அவளை இழக்க யாம் ஒருப்படோம்.

ஆகவே, இவ்வோலை கண்டவுடன் நல்லினியைச் சங்கலைத்துறைக்கு மதிப்புடன் அனுப்பிவைக்கவும். தம் ஊரிலிருந்தே எழுத விரும்பும் ஏனைய இளையோரையும் விடுவிக்கவும். மூத்தோர் விழித்திருந்து, அவர்தம் வினாக்களுக்கு அன்றன்றே விடை எழுதவும்.

மண்டபத்தில் அமராதார் செய்வது பணியாகாது என்று இன்னும் கருதுவீராயின், சிங்காதனத்தை விட்டு வடவெல்லைப் பாசறையில், சேறு படிந்த காலோடு அமர்ந்து யாம் சங்கு முத்திரையிடும் இவ்வாணையும் செல்லாதென்றே கொள்ளும். கொண்டால் எமக்கு அறிவியும். உமக்குப்பின் அப்பதவி ஏற்பவர்க்கான நியமன ஓலையையும் இங்கிருந்தே விடுப்போம்.