ஏதோ கெடக்கு

மதினி,

நீங்கள் போனபின் உங்கள் போனை அண்ணன் என்னிடம் தந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. உறையில் மிளகு வாசம் மட்டும் போகவில்லை. காயப்போட்ட மிளகுக்கு நடுவிலேயே போனையும் போட்டு வைப்பீர்களே, அந்த வாசம். இன்று காலை போன் அடித்தது. எடுத்தால் அந்தக் கம்பெனித் தம்பி. கம்பெனிக்குப் பெயர் மாறியிருக்கிறது, குரல் அதேதான்.

முதல்முறை அவனை நம் ஊர் பண்ணைக்காட்டுக்குக் கூட்டி வந்தவள் நான். விவசாயிகள் குழு மொத்தமும் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது. கொடியில் எவ்வளவு மிளகு என்று செயலியில் சொன்னால் போதும், வாங்குபவர்கள் நேரே வருவார்கள், ஊரே உயரும் என்றான். ஆளாளுக்குப் போனில் சொன்னார்கள். உங்கள் முறை வந்தது.

"ஏதோ கெடக்கு."

பறிக்கும் முன் அளவைச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று நம் பக்கத்தில் யார் கேட்டாலும் சொல்வதுதான். "மீண்டும் சொல்லவும்" என்றது செயலி. நீங்களும் அதையே மீண்டும் சொன்னீர்கள். மண்டபமே சிரித்தது.

நீங்கள் சிரிக்கவில்லை. "தம்பி, வாங்குறவுங்க குடோன்ல எவ்வளவு கெடக்குன்னு எங்களுக்கு இதுல தெரியுமா?"

"அது அவங்க பிசினஸ் சீக்ரெட்ங்க."

"அப்ப எங்களுது?"

அவன் டீ வரச் சொன்னான். வீட்டுக்கு நடந்து வரும்போது என்னிடமே கேட்டீர்கள்: "உனக்கு என்ன தாராங்க?" சத்தியமாக அந்த டீயைத் தவிர எதுவும் இல்லை மதினி. அந்தக் கேள்வி அப்படிச் சுட்டது. ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை.

அந்தப் பறிப்பில் வியாபாரி ஜீப்பிலிருந்து இறங்கும்போதே, "உங்க ஊர்ல இந்த வருசம் நல்ல காய்ப்பாமே" என்றார். யார் சொன்னது என்று கேட்டால் சிரித்தார். விலையை அடிமட்டத்தில் கேட்டார். எதையும் நிரூபிக்க முடியவில்லை. வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் நமக்கென்று வாட்ஸ்அப் குரூப் தொடங்கினோம். கொடியைப் பற்றி மூச்சு விடக்கூடாது, வியாபாரி கேட்ட விலையை மட்டும் சொல்லணும் என்பது நீங்கள் போட்ட சட்டம். "வெரசா வித்துராதீங்க, வத்தலக்குண்டுல வெல கூடக் கேக்குறாங்க" என்ற உங்கள் குரல் இன்னும் இதில் இருக்கிறது. ரோசாப்பூப் படம் வைத்த ஒருவரை வேவு பார்க்க வந்தவன் என்று நீக்கச் சொன்னீர்கள். அது உங்கள் கூடப் பிறந்த தம்பி. ஆனாலும் அந்த வருடத்திலிருந்து ஒருவரும் ஏமாந்து விற்கவில்லை.

குரூப்பை இப்போது நான்தான் நடத்துகிறேன் என்று தெரிந்ததும் இன்று அவன் சொன்னது இதுதான். "அக்கா, பண்ணைக்காட்டுக்கு நீங்கதான் ஒருங்கிணைப்பாளர். மாசச் சம்பளம். உங்க குரூப்பை எங்க செயலியோட சேத்துவிட்டாப் போதும்."

மகளின் காலேஜ் நினைப்பு வந்தது. சரி என்று சொல்ல வாய் எடுத்தேன். அப்போதுதான் உங்கள் கேள்வி வந்து நின்றது. உனக்கு என்ன தாராங்க? இந்தமுறை அதற்கு என்னிடம் பதில் இருந்தது. பயந்துபோனேன் மதினி.

அதற்குள் அவன் பேச்சை மாற்றினான். "இந்த வருசம் மிளகு எப்படிக்கா?"

ஜன்னலுக்கு வெளியே நீங்கள் ஏற்றிவிட்ட கொடி, இலை தெரியாமல் காய்த்திருந்தது.

"ஏதோ கெடக்கு, தம்பி."

"சரியாக் கேக்கலக்கா, திரும்பச் சொல்லுங்க."

திரும்பவும் அதையே சொன்னேன்.