ஜூலியின் ஈறு

வியாழன், இரவு.

மூன்று நாளாக ஜூலி சோற்றைத் தொடவில்லை. நேற்றுப் பார்த்த டாக்டர் நாயைத் தொடாமலே, "வெயிலுக்கு அப்படித்தாம்மா இருக்கும்" என்று டானிக் எழுதிவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, சேத்தியாத்தோப்பில் இருக்கும் டாக்டரம்மாவிடம் ஆட்டோவில் கொண்டுபோனேன்.

"ஈறு வெளுத்திருக்குதுங்க. ரத்தம் எடுத்துப் பாருங்க" என்றேன்.

எடுத்துப் பார்த்தார். உண்ணிக் காய்ச்சல். உடனே ஊசி போட்டார். நேற்றே போயிருக்கலாம்.

"ஈறு வெளுத்தது எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"பீங்கான் பொம்மைக்கு உதடு தீட்டுறதுதாங்க என் வேலை. செவப்பு கொறைஞ்சா எனக்குத் தெரியாதா?"

சாயங்காலம் ஜூலி அரைக் கிண்ணம் தயிர்ச்சோறு தின்றது. டானிக் பாட்டிலை இன்னும் திறக்கவில்லை. நாளை அந்த டாக்டரின் மேஜையிலேயே வைத்துவிட்டு வருவேன்.